திங்கட்கிழமைதான் எனக்கு ஞாயிறு

வெள்ளி, ஜூலை 11, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பாஸ்கெட்பால் ஆடிச் சம்பளம் வாங்குகிறேன் என்று சொன்னால் எங்கள் தெருவில் அடுத்து வருகிற கேள்வி இதுதான்: “அது சரி பாப்பா, வேலை என்னா பாக்குற?”

வேலையே அதுதான். லக்சம்பர்க்கில் ஒரு பெண்கள் அணிக்கு ஆடுகிறேன். நாடு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மொத்தமே 2,586 சதுர கிலோமீட்டர். கடலூர் மாவட்டம் அதைவிட ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பெரியது. வடக்கு முனைக்கும் தெற்கு முனைக்கும் இடையே 82 கிலோமீட்டர். வெளியூர் மேட்ச் என்றாலும் ஆடி முடித்து, குளித்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

அணியில் ஆட்டத்தையே பிழைப்பாக வைத்திருப்பவர்கள் நானும் ஒரு அமெரிக்கப் பெண்ணும்தான். மற்றவர்கள் பேங்கிலும் பள்ளிக்கூடத்திலும் வேலை முடித்துவிட்டு சாயங்காலம் பிராக்டிஸுக்கு ஓடி வருகிறவர்கள். எங்களுக்குக் காலையில் வெயிட் தூக்குவது, ஆளில்லாத ஹாலில் ஷூட்டிங். மதியத்துக்கு மேல் கிளப்பின் சின்னப் பிள்ளைகளுக்குக் கோச்சிங். அதுவும் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். ராத்திரி டீமோடு. மேட்ச் சனி அல்லது ஞாயிறு. ஊர் ஓய்வெடுக்கிற நாளில்தான் எனக்கு உத்தியோகம். லீவு திங்கட்கிழமை.

திங்கட்கிழமையில் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். மியூசியங்கள் பல அன்றைக்குத்தான் மூடுகின்றன. சின்ன ஊர்களில் கடைகளும் பாதி சாத்தியிருக்கும். மெட்ஸ், ஸ்ட்ராஸ்பூர், திரியர் என்று நான் போன ஊர்களை எல்லாம் பெரும்பாலும் வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறேன். பாரிஸ் மட்டும் விதிவிலக்கு. ரயிலில் இரண்டேகால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். லா சப்பெல் பக்கம் யாழ்ப்பாணத்துக்காரர் கடையில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு சாயங்கால ரயிலைப் பிடித்தால் அந்த வாரம் ஓடிவிடும். “எங்க பிள்ளை, கனநாளாக் காணேல்லை?” என்று அவர் கேட்பதற்காகவே போகலாம்.

சம்பளம் சீசனுக்கு மட்டும்தான். வீடு, கார், விமான டிக்கெட் எல்லாம் கிளப் தரும். சீசன் முடிந்ததும் வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டும். கோடையில் பைசா வராது. அதனால் கோடை என்றால் முத்தியால்பேட்டை, அம்மா சமையல், அடுத்த ஒப்பந்தம் எப்போது வரும் என்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பது. ஏஜென்ட் “இந்த வாரம்” என்கிறார். போன வாரமும் அதைத்தான் சொன்னார்.

அங்கே எனக்கு இடம் கிடைத்ததில் என் ஷூட்டிங்குக்குப் பாதிப் பங்கு, தாத்தாவுக்குப் பாதி. 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். தாத்தா எழுதிக் கொடுத்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தார். எங்கள் ஊர் வழக்கில் ‘சொல்தா’. அவர் வழியாக எனக்கும் பிரெஞ்சுப் பாஸ்போர்ட். ஐரோப்பாவில் பல லீக்குகளில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குக் கணக்காக ஒன்றிரண்டு இடம்தான். அதில் அமெரிக்கர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் 1995-இல் போஸ்மான் என்ற பெல்ஜியம் கால்பந்துக்காரர் வழக்கில் வந்த தீர்ப்புக்குப் பிறகு, ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களை அந்தக் கணக்கில் அடைக்க முடியாது. ஆக, முத்தியால்பேட்டைக்காரி அங்கே ஐரோப்பியக் கணக்கு.

அதே பாஸ்போர்ட்டினால் இந்திய அணிக்கு ஆட முடியாது. நம் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. இந்தியப் பாஸ்போர்ட் இல்லாமல் இந்திய ஜெர்சி கிடையாது. கல்யாண வீடுகளில் இதை விளக்கி விளக்கி எனக்கு வாய் வலிக்கிறது. இங்கே எழுதிவிட்டேன், இனிமேல் கேட்கிறவர்களுக்கு இதைக் காட்டிவிடலாம்.

சனி, ஜூலை 12, கடலூர்

சனிக்கிழமை புதுச்சேரியில் இருக்கக் கூடாது. வெள்ளி ராத்திரியே பெங்களூர், சென்னை வண்டிகள் வந்து இறங்கிவிடுகின்றன. பீச் ரோட்டுப் பக்கம் மஞ்சள் சுவர் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒருவர் நிற்க, ஒருவர் போட்டோ எடுக்க, நாம் குனிந்து நடுவே போக வேண்டும். கையில் ஒரு முழுச் சனிக்கிழமை கிடைத்திருக்கிறது, அதை இதிலா விடுவது என்று கடலூருக்கு பஸ் ஏறினேன்.

பிரைவேட் பஸ். படியிலிருந்து உள்ளே போகும்போது தலை இடிக்காமல் குனிய வேண்டும் என்பது எனக்குப் பழக்கம்தான். உட்கார்ந்த பிறகு முட்டிக்காலை எங்கே வைப்பது என்பதுதான் பிரச்சினை. கண்டக்டர் நின்று பார்த்துவிட்டு, “எவ்ளோ உயரம்மா நீ? போலீஸா?” என்றார். இதற்கு ‘ஆமாம்’ என்றே சொல்லிவிடலாம், மரியாதையாவது கிடைக்கும். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் தாண்டி முள்ளோடை வந்தால் புதுச்சேரி முடிகிறது. எல்லையைக் காட்ட போர்டே வேண்டாம், வரிசையாக மதுக்கடைகளே காட்டிவிடும். லக்சம்பர்க்கில் பெட்ரோலும் சிகரெட்டும் மலிவு என்று பக்கத்து நாட்டுக்காரர்கள் எல்லையில் வரிசை கட்டுவார்கள். சின்ன ஊருக்கும் பெரிய ஊருக்கும் நடுவில் இது எங்கேயும் உள்ள ஏற்பாடு போலிருக்கிறது.

பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, திருப்பாதிரிப்புலியூரில் இறங்கி, முதுநகருக்கு டவுன் பஸ். பெண்களுக்குக் காசில்லை. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் திணித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். லக்சம்பர்க்கில் 2020 மார்ச்சிலிருந்து பஸ், டிராம், ரயில் எல்லாமே எல்லோருக்கும் இலவசம், ரயிலில் முதல் வகுப்புக்கு மட்டும்தான் டிக்கெட். எனக்கு இந்தச் சீட்டு பிடித்திருக்கிறது. நாம் ஏறியதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

சித்தி வீட்டில் நுழைவதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. “வாடி, என்ன இப்படி எலும்பா நிக்கிற? அங்க சோறு போடறாங்களா இல்லியா?” மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஆம் தேதியோடு முடிந்து போட்டுகள் எல்லாம் கடலுக்குப் போக ஆரம்பித்துவிட்டன. விடியற்காலையில் துறைமுகத்துக்கே போய் சித்தி சங்கராவும் காரப்பொடி மீனும் வாங்கி வந்திருந்தாள். சங்கரா குழம்பு, காரப்பொடி வறுவல். சீசனில் வேகவைத்த கோழியும் பாஸ்தாவும் தின்று தின்று நாக்கு செத்துக் கிடந்தவளுக்கு இதற்கு மேல் எழுத முடியாது.

சாயங்காலம் தம்பி (சித்தி மகன், உடற்கல்வி படிக்கிறான்) மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூட கோர்ட்டுக்குக் கூட்டிப்போனான். “அக்கா, நீ வர்றேன்னு சொல்லிட்டேன், புள்ளைங்க வெயிட் பண்ணுதுங்க.”

சிமெண்ட் கோர்ட். காலையிலிருந்து வெயிலைக் குடித்த தரை, ஐந்து மணிக்கும் ஷூவுக்குள் சுடுகிறது. ரிங்கில் வலை இல்லை. போர்டு மரப்பலகை, இடது மூலையில் விரிசல். அங்கே பட்டால் பந்து செத்து விழும், இந்தப் பிள்ளைகளுக்கு அது தெரியும், எதிரணிக்குத் தெரியாது. நிவியா ரப்பர் பந்து, மேலே இருந்த சொரசொரப்பெல்லாம் தேய்ந்து வழுக்கையாகியிருந்தது.

என் கண் நின்றது கோட்டில். ரிங்குக்குக் கீழே இருக்கிற கட்டம் செவ்வகமாக இல்லை. எண்ட் லைன் பக்கம் அகன்று, ஃப்ரீ த்ரோ கோட்டுப் பக்கம் குறுகி வந்தது. அது பன்னாட்டு பாஸ்கெட்பால் சங்கமான ஃபீபாவின் பழைய கட்டம். 2010-இல் அதைச் செவ்வகமாக மாற்றினார்கள், மூன்று பாயிண்ட் கோட்டையும் 6.25 மீட்டரிலிருந்து 6.75-க்குத் தள்ளினார்கள். இந்தக் கோர்ட்டுக்கு அந்தச் செய்தி இன்னும் வரவில்லை.

“பெயிண்டு அடிச்ச வருஷம் எனக்கே ஞாபகம் இல்லம்மா. வருஷா வருஷம் எழுதித்தான் போடறோம்,” என்றார் பி.டி. சார்.

ஒரு பெண், ஒன்பதாவது படிக்கிறாளாம், அந்தக் கோட்டிலிருந்து தொடர்ந்து போட்டுக்கொண்டிருந்தாள். அருமையான கை. முழங்கை ரிங்கைப் பார்த்து நேராக இருக்கிறது, பந்து விட்டபிறகும் மணிக்கட்டு மடங்கி நிற்கிறது. யாரும் சொல்லித்தராமல் வராது. சாருக்குத்தான் கும்பிடு போட வேண்டும். ஆனால் மாநிலப் போட்டிக்குப் போனால் இவள் நிற்க வேண்டிய இடம் அரை மீட்டர் பின்னால். அரை மீட்டர் என்றால் ஒரு எட்டுகூட இல்லை, ஆனால் கைப்பழக்கத்துக்கு அது வேறு ஊர். டேப் கேட்டேன். தையல் டீச்சரிடமிருந்து ஒரு டேப்பும் வகுப்பறையிலிருந்து சாக்பீஸும் வந்தன. ரிங்கின் நடுவுக்கு நேர் கீழே ஒரு கல்லை வைத்து, தம்பி நுனியைப் பிடித்துக்கொள்ள, 6.75-இல் வளைவாகப் புள்ளி புள்ளியாக வைத்துச் சேர்த்தோம்.

முதலில் போட்டதெல்லாம் ரிங்குக்கு முன்னாலேயே விழுந்தது. அவள் கையை இன்னும் வேகமாக வீசப் பார்த்தாள். அங்கேதான் ஷாட் கெடும். “கையைத் தொடாத. அது நல்லா இருக்கு. முட்டியை மட்டும் இன்னும் கொஞ்சம் மடக்கு, மிச்சத்த காலு பாத்துக்கும்,” என்றேன். தூரம் காலிலிருந்து வருவது, குறி கையிலிருந்து வருவது. இதை எனக்குச் சொல்ல ஆளில்லாமல் நான் தோள்பட்டையைக் கெடுத்துக்கொண்ட கதை தனி. இருட்டும் நேரத்தில் அவளுக்கு விழ ஆரம்பித்தது. வலையில்லாத ரிங்கில் பந்து போனதா இல்லையா என்று கத்திச் சண்டை போடுவது தனிச் சுகம், அதை ஐரோப்பாவில் மறந்தே போயிருந்தேன்.

அங்கிருந்து தேவனாம்பட்டினம். கடலோரமாக உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டே தம்பி கோட்டைக் கதை சொன்னான். பக்கத்தில் கெடிலம் முகத்துவாரம், அதையொட்டி புனித டேவிட் கோட்டையின் மிச்சம். 1690-இல் மராட்டியர்களிடமிருந்து ஆங்கிலேயர்கள் இந்தக் கோட்டையை விலைக்கு வாங்கினார்கள். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு ஒரு ஏற்பாடு: கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவும். சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் வந்த ஊர்களுக்கெல்லாம் குண்டு கிராமங்கள் என்று பேர். குண்டு உப்பலவாடியும் குண்டு சாலையும் இன்றும் இருக்கின்றன.

“அவனுங்க எவன்டா சாதாரண பீரங்கியில சுட்டிருப்பான், இருக்கறதுலயே பெருசா எடுத்து வச்சி சுட்டிருப்பானுங்க,” என்றேன்.

“நீ சாக்பீஸ் கோடு போட்ட மாதிரி டேப் வச்சி அளந்திருக்கணும்க்கா.”

1758-இல் பிரெஞ்சுக்காரர்கள், தளபதி லாலியின் படை, வந்து கோட்டையைப் பிடித்து இடித்தே போட்டார்கள். தாத்தாவின் பட்டாளத்துக்கு மூதாதை. கடலூரில் இதைச் சத்தமாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஞாயிறு, ஜூலை 13, அரிக்கமேடு வழியாக வீடு

தம்பியின் வண்டியில் கிளம்பினோம். பின்சீட்டில் நான், மடித்து வைத்த ஏணி மாதிரி. அரியாங்குப்பத்தில் திரும்பி காக்காயந்தோப்பு, அங்கிருந்து அரிக்கமேடு, ரோமோடு வியாபாரம் நடந்த பழைய துறைமுகம்.

போகிறவர்களுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: பார்க்க எதுவும் இல்லை. மாந்தோப்பு, ஆற்றங்கரை, பாதிரிமார்கள் கட்டி இடிந்துபோன ஒரு செங்கல் கட்டடம். அதுவும் பதினெட்டாம் நூற்றாண்டுச் சங்கதி, ரோமானியர்களுடையது அல்ல. 1945-இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் தோண்டிய குழிகளை எல்லாம் மண் போட்டு மூடிவிட்டார்கள். ஆனால் அந்த மண்ணுக்குள்ளிருந்துதான் ஒயின் ஜாடித் துண்டுகளும், இத்தாலியில் அரெஸ்ஸோ ஊரில் செய்த சிவப்பு மட்பாண்டங்களும் வந்தன. அவற்றின் காலம் ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரிந்திருந்ததால், தென்னிந்திய மண்ணடுக்குகளுக்குக் காலம் குறிக்க வீலருக்கு ஒரு பிடி கிடைத்தது. பிறகு விமலா பெக்லி 1989 முதல் 1992 வரை மறுபடி தோண்டி, ரோமானியர் வருவதற்கு முன்பே இது புழங்கிய ஊர் என்று காட்டினார். வீலருக்கு முன்னால் பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ துப்ரேய் இங்கே தலை பொறித்த ஒரு சின்ன மணிக்கல்லைப் பார்த்து, இது ரோமப் பேரரசர் அகஸ்டஸ் என்று சொன்னார்.

அகஸ்டஸ் என்றதும் எனக்குத் திரியர்தான். லக்சம்பர்க்கிலிருந்து ஐம்பது கிலோமீட்டர், ஜெர்மனி எல்லைக்குள். பழைய பேரே அகஸ்டா ட்ரெவெரோரம், அவர் பேரில் அமைந்த ஊர். நான் அடிக்கடி போகிற திங்கட்கிழமை ஊர் அது. போர்ட்டா நீக்ரா என்று ஒரு நகரவாசல் நிற்கிறது, கி.பி. 170 வாக்கில் கட்டியது; மணற்கல், காலத்தால் கறுத்து அந்தப் பேர் வந்தது. மியூசியம் திங்கள் லீவு, ஆனால் வாசலை யார் பூட்டுவது?

அங்கே நான் முதன்முதலில் போனதே தாத்தாவின் ஒரு போட்டோவுக்காக. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு 1999 வரை திரியரில் பிரெஞ்சுப் பட்டாளம் இருந்தது. தாத்தாவுக்கு அங்கே போஸ்டிங். கறுப்பு வாசலுக்கு முன்னால் சீருடையில், மீசையில்லாமல், குளிரில் சுருங்கிய முகத்தோடு நிற்கிறார். அதே இடத்தில் அமெரிக்கத் தோழியை விட்டு என்னையும் எடுக்கச் சொல்லி அனுப்பினேன். தாத்தாவின் பதில்: “தொப்பி போடலியா? காது அடைச்சிக்கும்.”

தம்பி மாங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தான். காவலர் வந்து, கீழே கிடக்கிற எதையும் எடுக்கக் கூடாது என்றார். ஓட்டுச்சில்லைத்தான் சொன்னார், மாங்காயை விட்டுவிட்டார்.

வீட்டுக்குப் போகிற வழியில் காந்தி வீதி ஞாயிறு சந்தை. பேன்ட் எடுக்கப் போனேன். “அண்ணனுக்காம்மா, வீட்டுக்காரருக்கா?” எனக்குத்தான் என்றதும் கடைக்காரர் ஒருமுறை மேலும் கீழும் பார்த்து, “அப்ப அந்தக் கட்டுல இருக்கும்,” என்று ஆண்கள் பக்கத்தைக் காட்டினார். இருந்தது. கணுக்கால் வரை வருகிற பேன்ட்டுக்காக லக்சம்பர்க்கில் கொடுத்த விலையை நினைத்தால் இரண்டு எடுத்திருக்க வேண்டாம், நாலாக எடுத்திருக்கலாம்.

ராத்திரி சொல்தாக்களின் லாந்தர் ஊர்வலம். தாத்தாவுக்கு முட்டி வலி, போகவில்லை. நாளைக்கு நிற்க வேண்டுமே என்று காலைத் தைலம் தடவி நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திங்கள், ஜூலை 14, பீச் ரோடு, பிறகு மதியச் சாப்பாடு

இன்று பிரெஞ்சு தேசிய நாள். முதல் உலகப்போரில் இறந்தவர்களுக்கான நினைவுச்சின்னத்தில் மலர்வளையம். அதிகாரிகள், பிரெஞ்சுத் தூதரகத்தார், பதக்கம் குத்திய கோட்டுகளில் பழைய சொல்தாக்கள். இரண்டு நாட்டுப் பாட்டும் வாசித்தார்கள். இரண்டுக்கும் தாத்தா அசையாமல் நின்றார். அவருக்குப் பக்கத்தில் வெயிலுக்கு நான். இந்த உயரத்தால் வீட்டுக்கு ஒரு உபயோகம். சனி, ஞாயிறு கூட்டம் வடிந்து ரோடு ரோடாக இருந்தது. திங்கட்கிழமையில் ஊரைப் பார்ப்பதில் எனக்கு இருக்கிற அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன், புதுச்சேரிக்கு வருகிறவர்கள் திங்கட்கிழமை வாருங்கள். மியூசியம் மூடியிருக்கும். பரவாயில்லை.

மதியம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, ஏ.எஃப்.டி. மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடிவிட்டது, மாமாவின் சிவப்புத் துண்டு மூடவில்லை. சொல்தாவும் தோழரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தால் சாப்பாடு முடிய மூன்று மணியாகும்.

“திரியர்ல என் ரெஜிமெண்ட்டு இருந்த எடத்தப் பாத்துதாமே புள்ள,” என்று தாத்தா ஆரம்பித்தார்.

“திரியர்னா மார்க்ஸ் பொறந்த ஊரு, உங்க ரெஜிமெண்ட்டு எங்க வந்துச்சி?” என்றார் மாமா. என்னிடம் திரும்பி, “சிலை வச்சிருக்காங்களாமே, பாத்தியா?”

“பாத்தேன் மாமா. சைனாக்காரங்க குடுத்தது, 2018-ல வச்சாங்க. பீடத்தோட சேத்து அஞ்சரை மீட்டர்.”

“உன்னவிட உசரமா?”

“ரிங்கே மூணு மீட்டரும் அஞ்சு சென்டிமீட்டரும்தான் மாமா. ரோடு தாண்டற சிக்னல்லகூட ஒரு எடத்துல மார்க்ஸ் உருவம்தான் வருது. சிவப்புல நிப்பாரு, பச்சையில நடப்பாரு.”

மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. “பச்சையிலயா?”

பிறகு பேச்சு 1936-க்குப் போனது. ஜூலை 30-இல் சவானா மில்லில் பிரெஞ்சுச் சிப்பாய்கள் சுட்டுத் தொழிலாளர்கள் 12 பேர் செத்தது. அதற்குப் பிறகு எட்டு மணி நேர வேலை வந்தது. ஒவ்வொரு வருஷமும் ஜூலை 14-க்கும் 30-க்கும் நடுவே எங்கள் வீட்டில் இந்தச் சண்டை நடக்கும். தாத்தா, “சுட்டவன் வேற, நான் வேற,” என்றார். “நான் அப்ப பொறக்கவேயில்ல.” மாமா ரசத்துக்குக் கையை நீட்டினார்.

அந்த நேரத்தில்தான் போன் அடித்தது. ஏஜென்ட். ஒப்பந்தம் வந்துவிட்டது, பழைய கிளப்பேதான். சம்பளம் கொஞ்சம் கூட. பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளோடு இந்த முறை பதினாலு வயதுப் பிள்ளைகளுக்கும் கோச்சிங். ஏற்றிய சம்பளம் அதற்குத்தான் என்று எழுதாமலேயே புரிந்தது. ஆகஸ்ட் முதல் வாரம் அங்கே இருக்க வேண்டும். அதற்கு முன் ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி. ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். கிளப்பும் அங்கே மறுபடி டெஸ்ட் வைக்கும், அதில் தேறினால்தான் கையெழுத்துக்கு மதிப்பு. முன்பு வேறு ஒரு நாட்டில் ஒரு கிளப் என் கணுக்கால் ஸ்கேனைப் பார்த்துவிட்டு விமான நிலையத்துக்குக் கார் அனுப்பியது, நான் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. அதனால் டெஸ்ட் முடியும்வரை வீட்டில் யாரும் ஸ்வீட் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

“எட்டு மணி நேரத்துக்கு மேல வேலை வாங்குவானா?” என்றார் மாமா.

“அதெல்லாம் கணக்குப் பண்ண முடியாது மாமா.”

“பண்ணணும். எழுதி வாங்கு.”

தாத்தா பிரெஞ்சில் இருந்த ஒப்பந்தத்தைக் கண்ணாடி போட்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்திருந்தார். நாளைக் காலை வெறும் வயிற்றில் லேபுக்குப் போக வேண்டும், ஏழு மணிக்குக் கிளம்புகிறேன் என்றேன்.

“இரு, நானும் வரேன்,” என்றார் மாமா. “எனக்கும் சுகர் பாக்கணும்.”